விழுப்புரத்தில் பார்த்த பின்லாந்து

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரோஜாவுக்கு,

உன்னையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரையும் மாப்பிள்ளை இருதயராஜையும் அந்தக் குளிரில் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய வாய் ரொம்பவே சுகம். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று சிரிக்காதே. போன் போட்டால் உன் அப்பா பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறார், வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தாலோ எனக்குச் சொல்ல வந்தது எல்லாம் மறந்து சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு முடிந்துவிடுகிறது. இதையாவது யாரும் குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்கலாம் என்று அங்கன்வாடிப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எழுத்து கோணினால் எவனோ எழுந்து என் முதுகில் ஏறிவிட்டான் என்று தெரிந்துகொள்.

போன வாரம் நீ, சரிம்மா, வராட்டி பரவால்ல, இங்க ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துக்குவாங்க என்று சொன்னாயே, அந்தப் பரவாயில்லை என்னைச் சோறு தின்ன விடவில்லையடி. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவேண்டும், மகள் வர முடியாவிட்டால் தாய்தான் போகவேண்டும், இது எனக்குத் தெரியாதா. பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று, பீரோவில் புடவைக்கு அடியில் தூங்குகிறது. ஆனால் பயமாக இருக்கிறது ரோஜா. மேலே பறக்கிற பயம் ஒன்று, மார்கழிப் பனிக்கே இழுக்கிற என் நெஞ்சு அந்த ஊர்ப் பனியைத் தாங்குமா என்கிற பயம் ஒன்று. எல்லாவற்றையும் விட, ஒருத்தரோடும் ஒரு வார்த்தை பேச முடியாத ஊரில் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல். அதனால்தான் லீவு கிடைக்காது, அப்பாவுக்குச் சமைக்க ஆள் இல்லை என்று ஏதேதோ சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவோ, போய்ட்டு வாமே, நான் மெஸ்ஸுல சாப்ட்டுக்கினு கிடக்கறேன் என்று தினம் நச்சரிக்கிறார். எனக்கென்னவோ மெஸ்ஸில் சாப்பிடும் ஆசையில்தான் என்னை அனுப்பப் பார்க்கிறார் என்று சந்தேகம்.

இப்படி இருக்கும்போது எதிர் வீட்டு வேணி வந்தாள். விழுப்புரத்துக்குப் போய் எம்.ஏ. படிக்கிறாளே, அவள்தான். பல்கலைக்கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் படம் ஒன்றைப் போடுகிறார்கள், எங்கேயோ பெரிய பரிசு வாங்கின படம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது, அதுவும் ரோஜாக்கா இருக்கிற பின்லாந்துப் படம் என்றாள். அவ்வளவுதான், உன் அப்பா வெள்ளை வேட்டியை எடுத்துவிட்டார். டிக்கெட்டே இல்லாம பொண்ணு ஊரப் பாத்துட்டு வந்துரலாம்மே என்கிறார். மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு வேணியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். சும்மா கூப்பிட்டிருக்கிறார்கள், வெறுங்கையோடு போனால் மரியாதையாக இருக்காது என்று ஒரு ஒயர் கூடை நிறைய மல்லாட்டை அவித்து எடுத்துக்கொண்டேன். வேணி, வேணாம் அத்தை, அங்கல்லாம் வேர்க்கடலை உடைக்க மாட்டாங்க அத்தை என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்பேனா.

பெரிய ஹால், ஏசி, நல்ல மெத்தை நாற்காலி. கோகுலகிருஷ்ணன் என்கிற பேராசிரியர் எழுந்து படத்தைப் பற்றிப் பேசினார், அமைதியாகப் பார்க்க வேண்டிய படம் என்றார். விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்கப் பனி. ஒரு மரம், பனி. ஒரு வீடு, பனி. யாரும் பேசவில்லை. உன் அப்பா என் காதில், கூத்துன்னா கட்டியங்காரன் வந்து இன்னார் வர்றார்னு சொல்லுவான், இதுல ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றானே என்றார். அந்த அமைதியில் அவர் மல்லாட்டை உடைக்கிற சத்தம் எட்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஒரு கடைத்தெரு வந்தது. இவர் எழுந்து நிற்காத குறை. பாரு, இந்தக் கடையிலதான் நம்ம பொண்ணு மளிகை வாங்குவா என்று முன் வரிசைக்காரரைத் தட்டிச் சொல்கிறார். அவர் திரும்பி முறைத்தார், இவர் அவர் கையில் நாலு மல்லாட்டையைத் திணித்தார்.

கதை என்று பார்த்தால் ஒரு சின்னப் பெண், உன் வயசு இருக்கும். ரொட்டிக்கடையில் வேலை. புருஷன் கப்பலில் போய்விட்டான். குழந்தை பிறக்கிறது. பெற்ற மறுநாளே அவளுக்குத் தட்டில் பச்சைத் தண்ணீரும் ரொட்டியும் ஏதோ ஜில்லென்று ஒரு ஜூஸும் வைக்கிறார்கள். பூண்டு இல்லை, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சொட்டு வெந்நீர் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் குழந்தைக்கு நாலு சட்டை போட்டு, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, கடை வாசலில் கொட்டுகிற பனியில் நிறுத்திவிட்டு, இவள் பாட்டுக்கு உள்ளே போய் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். கேமராக்காரனும் அந்த வண்டியையே காட்டிக்கொண்டிருக்கிறான். பனி விழுகிறது, வண்டி நிற்கிறது, ஒரு சத்தமும் இல்லை. நாய் வருமோ, எவனாவது தூக்கிக்கொண்டு ஓடுவானோ, எனக்கு உயிரே போய் உயிர் வருகிறது. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை வாசல்படி தாண்டினாலே கத்துகிறவள் நான். எப்போது எழுந்தேன் என்று தெரியாது, அடியே, காப்பி எங்கடி ஓடிடப் போவுது, புள்ளய உள்ள தூக்கினு வாடி என்று கத்திவிட்டேன். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார், வேணி நாற்காலிக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். தனிமை என்றாள் ஒரு பெண், மௌனம் என்றான் ஒரு பையன். உன் அப்பாவிடம் மைக் வந்தது. மைக்கைப் பிடித்தால் விடுவாரா. என் பேரு சவுரிராயன், லோடு வண்டி ஓட்டறேன், என் பொண்ணு இந்த ஊர்லதான் கம்ப்யூட்டர் வேலை பாக்கறா, தை மாசம் பேரப்புள்ள வரப்போவுது என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்துவிட்டார். நான் மைக்கை வாங்கி, அந்தப் புள்ளய வெளிய உட்டவள போலீஸ் புடிச்சாங்களா இல்லியான்னு காட்டவே இல்லீங்களே என்று கேட்டேன். பேராசிரியர் சிரிக்காமல் மரியாதையாகவே சொன்னார். அது தப்பு இல்லீங்கம்மா, அந்த ஊர் வழக்கம், குழந்தையை நல்லா சுத்தி வெளிக்காத்துல தூங்க வைப்பாங்க, நல்லா தூங்குமாம், எல்லா வீட்லயும் பண்றதுதான் என்றார். எல்லா வீட்டிலும் என்றதும் எனக்கு உன் வீடு ஞாபகம் வந்துவிட்டது. வழக்கமாவே இருக்கட்டுங்க, அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லீங்களா, கூட ஒருத்தரும் வரலியே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மா இருக்காங்களா இல்லையான்னு தெரியலீங்கம்மா, படத்துல காட்டல என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் அவர்கள் பேசினது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் ஏதாவது ஒரு ஊரில் லீவு கிடைத்திருக்காது, நெஞ்சு இழுத்திருக்கும், புருஷனுக்குச் சமைக்க ஆள் இருந்திருக்காது. எத்தனை நியாயம் இருந்தால் என்ன, அவள் வரவில்லை, அதனால் காட்டவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். திரைக்குக் கீழே ஓடின இங்கிலீஷில் எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை, அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்த வேணியும் பாதியில் விட்டுவிட்டாள். ஆனாலும் அவள் எப்போது அழப்போகிறாள் என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. பேச்சுத் தெரியாமல் போனால் போகட்டும், பிள்ளை அழுதால் எல்லா ஊரிலும் ஒரே அழுகைதானே.

திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டுகிற வரைக்கும் நான் காலிக் கூடையை மடியில் வைத்து அதன் ஒயரையே முறுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பயந்துபோய், இன்னாமே, உடம்புக்கு ஏதாவதா என்றார். மெஸ்ஸில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்க, ரசம் வைக்கக் கத்துக்கோங்க, நான் பொண்ணுகிட்ட போறேன் என்றேன். இத்தனை நாள் போ போ என்று விரட்டினவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைக்கிறார். நேற்று அவரே ரசம் வைத்தார். புளியைத் தவிர எல்லாம் போட்டிருந்தார்.

ஆகவே மாப்பிள்ளையை ஜல்தியாக விசாவுக்கு வேண்டிய காகிதங்களை அனுப்பச் சொல். எங்கள் அங்கன்வாடி மேடத்திடம் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பேத்தியா பேரனா என்றுதான் கேட்டார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பூண்டு, சுக்கு, பெருங்காயம் எல்லாம் நானே கட்டி எடுத்து வருகிறேன், விமானத்தில் பிடித்தால் அவர்களிடமும் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறேன். நீ அதுவரை இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் விழுங்கு, பனி உறைந்த ரோட்டில் வீறாப்பாக நடக்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள்.

நீயும் பிள்ளையும் தலைமுழுகி எழுந்து நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் உங்களுக்குச் சேரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிள்ளையை வெளியே தூங்க வைப்பதுதான் அந்த ஊர் வழக்கம் என்றால் வை, நான் தடுக்கமாட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அம்மா,
ச. அன்புச்செல்வி