உள்ள, இல்ல

ஜூன் 9, 2025, திங்கள்

ஆபீசில் என் வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

முதலாளி பெரியவர் கருணாகரன் உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பலகையும் என் வாயும்தான் ஆபீஸ். மைன்ஸில் நிலக்கரியைக் கொண்டுபோகிற பெல்ட் அறுந்தால் ஜாயிண்ட் போட்டுத் தருகிற கான்ட்ராக்ட் எங்களுடையது. எந்த கேங் எந்த பெல்ட்டில் நிற்கிறது, என்ன சாமான் எடுத்துப் போனது, எப்போது முடியும், எல்லாம் போனில் கேட்டுக் கேட்டு நான் எழுதுவேன். இப்போது அவர் மகன் ஜெயகணேஷ் சார் கோயம்புத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். லேப்டாப்போடு ஒரு நோட்ஸ் ஆப்பையும் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கமாம். சைட்டில் இருக்கிறவர்கள் போனில் பேசினால் போதுமாம், அதுவே எழுதிக்கொள்ளுமாம். சார், நான், அடுத்த ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைப் பார்க்கலாமாம்.

என் போனில் ஆப் தமிழில் வந்தது. பழகிப் பார்க்க ஒரு பக்கம் எழுதி அழித்தேன். "நிரந்தரமாக நீக்கவா?" என்று கேட்டது. அப்பா மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருந்து ரிடையர் ஆனவர். நான் கான்ட்ராக்ட்டுக்குள் கான்ட்ராக்ட். இத்தனை வருஷத்தில் நிரந்தரம் என்ற சொல் என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. வந்ததும் வந்தது, நீக்கவா என்றா வரும்!

ஜூன் 11, புதன்

சிரித்து வயிறு வலிக்கிறது. கேங் மேஸ்திரி ராஜாங்கம் அண்ணன் சைட்டிலிருந்து சொன்னது: "பெல்ட்டு ஓடிக்கினு கீது. சாயங்காலம் நிறுத்தித் தருவாங்க. காத்துக்கினு கீறோம்." ஆப் எழுதியது: "பெல்ட் ஓடி கிண்ணம் கீதா. சாயங்காலம் நிறுத்தி தருவாங்க. காத்து கிண்ணம் கீரை."

சார் என்னைக் கூப்பிட்டார். "தமயந்தி, யாருங்க இந்த கீதா? நம்ம ஆளா?"

"புதுசு இல்லீங்களா சார், பழக்கமில்லாம பேசுறாங்க. போகப்போக சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நானே திருத்தினேன். அவர்கள் பேச்சே அப்படித்தான் என்று ஏன் சொல்லவில்லை? ஆப்பைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று பயம். புது முதலாளி. அவர் எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 16, திங்கள்

சார் வருவதற்கு முன்னால் போய்விடுகிறேன். ராத்திரி ஷிஃப்ட் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து திருத்துகிறேன். புரியாததைப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவர் லேப்டாப்பைத் திறக்கும்போது பக்கங்கள் எல்லாம் தலைவாரிப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

ராஜாங்கம் அண்ணன் பாதி பலாப்பழம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "பண்ருட்டி சந்தையில வாங்குனது இல்ல தங்கச்சி, எங்கூட்டு மரம். கொட்டைய வீசிடாத." ஆபீஸ் முழுக்க வாசனை. சார் மூக்கைச் சுளித்தார். நான் மூடி வைக்கவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

சார் போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. "இது நல்லா ஓடிடுச்சுன்னா ஆபீஸ்ல ஒரு ஆள் மிச்சம்."

ஆபீசில் இருப்பதே அவரும் நானும்தான். மிச்சமாகிற ஒரு ஆள் யார் என்று ஜோசியம் பார்க்க வேண்டுமா?

என் வீட்டுக்காரருக்குத் தோள் ஆபரேஷன் ஆனதிலிருந்து வேலை இல்லை. மகள் இசைப்பிரியா சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், முதல் வருஷம். இதை யாரிடம் சொல்ல? இவரிடம் சொன்னால் "நீ எதையாவது கற்பனை பண்ணிக்காத" என்பார். கற்பனையா? என் ரெண்டு காதால் கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் திருத்தினேன். என் குழியை நானே தோண்டுகிறேன், அதுவும் சுத்தமாக, ஓரம் எல்லாம் செதுக்கி.

ஜூன் 23, திங்கள்

"பாத்தீங்களா தமயந்தி, இப்பல்லாம் கீதா வர்றதே இல்ல. நம்ம ஆளுங்க பேச்ச ஆப் கத்துக்கிச்சு."

கத்துக்கிச்சாம்! ஆப் கத்துக்கிச்சாம்! விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்து கண் பூத்துப்போக உட்கார்ந்து திருத்துகிறவள் நான், பேர் அதற்கு. பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா சார்" என்றேன். எனக்கு இந்த வாய் எதற்கு? கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி. நான் பிள்ளைப்பூச்சியாகவே இருந்து இந்த வேலையிலிருந்து போய்விடப்போகிறேன்.

இன்னொரு பயம் வேறு. பக்கத்தின் மூலையில் மூன்று புள்ளி இருக்கிறது. அதைத் தொட்டால் யார் எதைத் திருத்தினார்கள் என்று வரிசையாகக் காட்டும். சார் ஒரு நாள் தொடுவார். தொட்டால் நல்லதா கெட்டதா? என்னால்தான் ஓடுகிறது என்று தெரியும். இத்தனை நாள் மறைத்தாய் என்றும் தெரியும். யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

ஜூன் 25, புதன்

இன்று ஒன்றைத் திருத்தவில்லை. வேண்டுமென்றே.

ராஜாங்கம் அண்ணன் கேங் வேலை முடித்துச் சாமான் கணக்கு சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு வரி: "பெரிய செயின் பிளாக் வண்டியில் இல்ல கீதா." செயின் பிளாக் என்பது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சங்கிலிக் கருவி, அது இல்லாமல் ஜாயிண்ட் போட முடியாது. போன் போட்டேன். "அண்ணே, வண்டிக்குள்ள இருக்கா இல்லையா?"

"உள்ளதான் தங்கச்சி. சீட்டுக்கு அடியில சாக்கு சுத்தி வச்சிருக்கேன்."

உள்ள கீது. அதைத்தான் இல்ல கீதா ஆக்கியிருக்கிறது. கீதாவை அழித்தேன். மற்ற வரிகளை எல்லாம் சரி செய்தேன். அந்த "இல்ல"வை மட்டும் விட்டுவிட்டேன். கை அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. விட்டுவிட்டேன்.

என்ன ஆகிவிடும்? நாளைக்கு செயின் பிளாக் எங்கே என்று சார் தேடுவார். உள்ளேயே இருக்கும். ஆப்பை நம்ப முடியாது, நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று புரியும். அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 26, வியாழன்

சார் என்னிடம் கேட்கவே இல்லை. ஆப்பைப் பார்த்தார், "செயின் பிளாக் காணோம் போல" என்றார், பண்ருட்டிக்குப் போன் போட்டு வேறு கேங்குக்கு வாடகைக்கு ஒன்று வரவழைத்துவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறு போன் வந்துவிட்டது.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூன் 27, வெள்ளி

ஐயோ.

வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது சீட்டுக்கு அடியில் செயின் பிளாக் கிடைத்துவிட்டது. சாக்கு சுற்றியபடி. சார் முகம் சிவந்துவிட்டது. "இல்லன்னு எழுதிட்டு உள்ள மூடி வச்சிருக்காரு. என்ன அர்த்தம்? ரெண்டு நாள் கழிச்சு வூட்டுக்குத் தூக்கிக்கினு போலாம்னுதானே?" அண்ணன் பேச்சைப் போலவே பேசிக் காட்டினார்.

ராஜாங்கம் அண்ணனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "நான் உள்ளன்னுதாங்க சொன்னேன். துரு புடிக்கக் கூடாதுன்னு எப்பவும் சாக்கு சுத்துவேங்க. தங்கச்சிகூட போன்ல கேட்டுச்சு. கேளுங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கவலையே இல்லாத முகம். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயம்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். சார் அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். அது இல்லாமல் மைன்ஸுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. இந்தக் காரணத்துக்காகப் பாஸ் போனது என்று தெரிந்தால் வேறு கான்ட்ராக்டர் யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

ஜூன் 28, சனி

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். இல்லை, என் மடியில்கூட இல்லை. அவர் மடியில் விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பலாக்கொட்டைக் குழம்பு வைத்தேன். இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நீ ஏன் பெசஞ்சுக்கிட்டே இருக்க? யாராவது அதுல பேர் எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேலி பண்ணினார். எழுதித்தான் வைத்திருக்கிறது, அண்ணன் வீட்டு மரத்துக் கொட்டை.

மத்தியானம் அண்ணன் போன். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன்.

"தங்கச்சி, நல்லா யோசிச்சிப் பாரேன். காத்தால நீ போன் போட்ட, நான் டீக்கட கிட்ட நின்னுக்கினு இருந்தேன். உள்ளதான்னு சொன்னேன். ஞாபகம் வந்தா சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா." அவரே சமாதானம் சொன்னார். "பரவால்ல, ஒனக்கு ஆயிரம் வேல. மறந்திருப்ப."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவி நான், மறக்கல அண்ணே, மறக்கவே இல்ல. போனை வைத்துவிட்டு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் கதவைத் தட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஆபரேஷன் ஆன தன் தோளைத் தடவிக்கொண்டார்.

"வேல போனா பாத்துக்கலாம். இது போனா பாத்துக்க முடியாது."

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

உட்காராமலே சொன்னேன். "சார், ராஜாங்கம் அண்ணன் சொன்னது நிஜம். நான் போன்ல கேட்டேன். உள்ளன்னுதான் சொன்னாரு. ஆப் தப்பா எழுதுச்சு. தெரிஞ்சே விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா? ஏங்க?"

"ஆப்பே போதும், நான் எதுக்குன்னு நீங்க நெனச்சிடக் கூடாதுன்னு. இத்தன நாளா எல்லாப் பக்கத்தையும் நான்தான் சார் திருத்துறேன். கீதாவும் போகல, கீரையும் போகல."

அவர் லேப்டாப்பில் அந்த மூன்று புள்ளியைத் தொட்டார். இதுவரை தொட்டதே இல்லையாம். கீழே தள்ளிக்கொண்டே போனார், என் பேராக வந்துகொண்டிருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஆபீஸ்ல ஒரு ஆள் மிச்சம்னு போன்ல சொன்னீங்களே சார். என் காதுல விழுந்துச்சு."

எதைச் சொல்கிறேன் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அது என் வொய்ஃப்கிட்ட சொன்னதுங்க. அந்த ஒரு ஆள் நான். இது ஓடிட்டா ஆபீஸ உங்க கையில விட்டுட்டு நான் கோயம்புத்தூர் போயிடலாம்னு இருந்தேன்."

இதற்காகவா? இல்லாத பேய்க்குப் பயந்து நான் பண்ணிய காரியம் இது.

வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. "பாஸ நான் குடுத்துடறேன். மன்னிப்பும் நான் தனியா கேட்டுக்கறேன். ஆனா விஷயத்த அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

குள்ளஞ்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனேன். கையில் சார் கொடுத்தனுப்பிய பாஸ். அவர் மனைவி ஆதிலட்சுமி வாசலுக்கே ஓடிவந்து, "வாங்கம்மா, ஒங்களுக்கு ஞாபகம் வந்துடும்னு இவரு அப்பவே சொன்னாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கொடுத்த மோரை வாங்காமலே சொல்லி முடித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணன் சத்தம் போடவில்லை. பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ மறந்துட்டன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சி. கெளம்புங்க."

ஜூலை 2, புதன்

அவர் இன்று வேலைக்கு வந்துவிட்டார். சைட்டிலிருந்து நோட்ஸ் வரவில்லை. அவர் கேங்கில் ஒருவரும் ஆப்பில் பேசவில்லை.

ஜூலை 7, திங்கள்

பலகையை மறுபடி மாட்டட்டுமா என்று சார் கேட்டார். வேண்டாம் சார், ஆப்பே இருக்கட்டும் என்றேன். ஆனால் அதில் இப்போது யாரும் பேசுவதில்லை. ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் ஆபீசுக்கு வந்து நேரில் சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன். சார் கோயம்புத்தூர் பேச்சை எடுப்பதில்லை. என் வேலை பத்திரமாக இருக்கிறது. முன்னைவிடப் பத்திரமாக இருக்கிறது.

ராஜாங்கம் அண்ணன் கடைசியாக வந்தார். கையில் டிபன் பை மட்டும். கதவருகிலேயே நின்றார்.

"உக்காருங்கண்ணே."

உட்காரவில்லை. வேலை எதுவரை ஆகியிருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு சாமான் கணக்கு. "பெரிய செயின் பிளாக் வண்டியில உள்ள இருக்குங்க, மேடம்."

கீதுவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. எழுதினேன்.

"எழுதுனத படிச்சிக் காட்டுங்க மேடம்."

படித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம்" என்றார்.

இன்னொரு தரம் படித்தேன்.