நெத்திச்சுட்டி வாயில கை வைக்காதீங்க

ஏங்க,

நீங்க போனை சார்ஜ்ல போட்டுட்டு ஆடுகளுக்குக் குழை ஒடிக்கப் போயிட்டீங்க. அதான் எழுதி வச்சுட்டுப் போறேன்.

நெத்திச்சுட்டி ஆட்டைத் தனியா வேப்பமரத்துல கட்டியிருக்கேன். கிட்டப் போகாதீங்க. தொண்டையில என்னமோ சிக்கியிருக்குன்னு நேத்து மூங்கில் குழாய்ல கசாயம் ஊத்துனீங்களே, அது மாதிரி வாய்க்குள்ள கையை விட்றாதீங்க. விடிஞ்சதுலேருந்து எச்சில் ஒழுகுது, மரத்தைப் போய் முட்டுது. மாட்டு டாக்டர்கிட்ட போன்ல சொன்னேன். "வெறிநாய்க்கடி மாதிரி தெரியுதும்மா, நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க"ன்னாரு. பத்து மணிக்கு வருவாரு.

மத்த ஆடுகளை அவுத்து விடாதீங்க. நாய்க விரட்டுன நாள்லேருந்து எலை அசைஞ்சாலே மிரண்டு ஒன்னு மேல ஒன்னு ஏறுதுக. ரெண்டு சினையா வேற இருக்கு. பட்டியிலயே குழையும் தண்ணியும் வைங்க. அதட்டாதீங்க.

சோறு வடிச்சிருக்கேன்.

நாய்க விரட்டுன அன்னைக்கு, "கோழிக்கழிவு கொட்டுற கண்மாய்ப் பக்கம் ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது"ன்னு ஏசுனீங்க. புல்லு அங்கதான் கெடந்துச்சு. அந்தப் பயத்துலதான் மறைச்சேன். என் கணுக்கால்ல இருக்கிறது முள்ளு கிழிச்சது இல்லை. பதினேழு நாள் ஆச்சு. ஊசி போடக் கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

வள்ளிக்கண்ணு

கசாயம் ஊத்துன கையில அருவா வெட்டு இருந்துச்சு. சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு, டாக்டர் வந்து பாத்ததும் நீங்களும் ஊசிக்கு வந்துருங்க. திட்டுறதை அங்க வந்து திட்டுங்க.

நாய்க்கடி முத்துனா தண்ணி எறங்காதுன்னு சொல்லுவாகள்ல. காலையிலேருந்து செம்பு செம்பாக் குடிச்சுப் பாக்குறேன். இப்ப வரைக்கும் எறங்குது.