கஞ்சி போட்ட முண்டாசு

அனுப்புநர்:
அம்சா,
க/பெ. தனசேகரன், கூலி நெசவு,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
நெசவாளர் சடுகுடுப் போட்டிக் குழு,
காஞ்சிபுரம்.

பொருள்: அரையிறுதி ஆட்டத்தில் தலை மோதிய குற்றத்துக்காக என் கணவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை – அதிலுள்ள அநியாயத்தை எடுத்துரைத்தல் – தக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

1. நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து, என் கணவரோடு ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்து பிழைப்பவள். எட்டாம் வகுப்பு வரை படித்திருப்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். எழுதித் தருவதாகத் தெருவில் பலர் முன்வந்தார்கள். அவர்கள் எழுதினால் அவர்கள் பேச்சுதான் இருக்கும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

2. சென்ற ஆண்டுப் போட்டியில் ஒருவருக்குப் புருவம் கிழிந்தது தங்களுக்கு நினைவிருக்கும். உடனே தங்கள் குழு கூடி, காராசேவு தீரும் வரை ஆலோசித்து, இனி ஆடுபவர் அனைவரும் தலைப் பாதுகாப்புக்காக முண்டாசு கட்டியே களத்தில் இறங்க வேண்டும் என்று விதி செய்தது. துணியையும் குழுவே கொடுத்தது. நல்ல எண்ணம்தான், நன்றி. ஆனால் அந்தத் துணியை யார் கையில் கொடுக்கிறோம் என்று குழு கொஞ்சம் யோசித்திருக்கலாம். நெசவுக்காரர்களிடம் தொளதொளவென்று ஒரு துணியைக் கொடுத்தால் கை சும்மா இருக்குமா ஐயா? பட்டு நூலுக்குக் கஞ்சி போடும் அதே சட்டியில் முண்டாசை முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைத்து, விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும்படி ஆக்கிவிட்டார்கள். எங்களைப் பார்த்து மாகறல் அணியும் கற்றுக்கொண்டது. அந்த அணியின் மயில்வாகனம் என்பவரின் முண்டாசைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று பரணிலிருந்து பானை எடுக்கலாம் என்கிறார்கள்.

3. இதன் விளைவைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். முன்பெல்லாம் தலையைக் காப்பாற்றிக்கொண்டு உடம்பால் விளையாடினார்கள். தலைக்குப் பாதுகாப்பு வந்தபின் தலையாலேயே விளையாடத் தொடங்கினார்கள். முன்பு கையை நீட்டிப் பிடித்தவர்கள் இப்போது ஆட்டுக்கடா மாதிரி குனிந்து வருகிறார்கள். என் கணவர் மட்டும் கஞ்சி போடவில்லை. "வேக்குதும்மா, தலைக்குக் காத்து போவணும்" என்று வெறும் துணியைத்தான் கட்டிக்கொண்டு போனார்.

4. முட்டல் அதிகமானதும் குழு மறுபடி கூடியது. முண்டாசை எடுத்துவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்குப் பதிலாகத் தண்டனை விதி வந்தது. தலையும் தலையும் மோதினால் எந்தத் தலை முன்னால் போனதோ அந்தத் தலைக்காரர் வெளியேற வேண்டும், அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் உட்கார வேண்டும் என்பது விதி. இதைப் பற்றி ஊரில் நடந்த வாதம் தேர்தல் சமயத்தில்கூட நடந்ததில்லை. டீக்கடையில் ஒரு கட்சியார், "தலைய தொட்டாலே தப்புன்னா சடுகுடு இன்னாத்துக்குபா? பல்லாங்குழி ஆடிக்கினு போங்க" என்றார்கள். மறு கட்சியார், "ஒன் தலையா இருந்தா இப்டி பேசுவியா?" என்று கேட்டார்கள். அதற்கு முதல் கட்சியார், "என் தலைய ஏன்பா இழுக்கற" என்று கோபித்துக்கொண்டார்கள். வாதித்தவர்களில் ஒருவரும் களத்தில் இறங்குகிறவர் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. சென்ற ஞாயிறு மாகறல் அணியோடு அரையிறுதி நடந்தது. சிறப்பு விருந்தினருக்கு மாலை வந்து சேராததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, கடைசியாகப் பாடிப் போகும் முறை வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. என் கணவர் பாடிப் போய் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். நடுக்கோட்டை எட்டிப் பிடிக்க முன்னால் பாய்ந்தார். பாய்கிறவருக்குத் தலை முன்னால்தான் இருக்கும், காலை முன்னால் விட்டுப் பாய முடியாது. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து மயில்வாகனம் குனிந்து வந்து முட்டினார். கூட்டத்தின் கடைசியில் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. என் கணவர் விரல் கோட்டின் மீதே இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

6. நடுவர் திருப்பருத்திக்குன்றத்து ஜீவந்தரன் ஐயா அவர்கள் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சமணக் குடும்பத்தவர், இருட்டியபின் உண்ணாத விரதம் உள்ளவர். அன்று ஆட்டம் முடித்து வீடு போய்ச் சாப்பிடக் கொஞ்ச வெளிச்சமே பாக்கியிருந்தது. அவர் அவசரத்தை நான் குறை சொல்லமாட்டேன், விரதம் விரதம்தான். தாமதம் மாலையால் வந்தது. எது எப்படியோ, எந்தத் தலை முன்னால் போனது என்று பார்த்து, கோட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த தலை என் கணவருடையது என்பதால் அவரை வெளியேற்றினார். அவரால் தானாக வெளியேற முடியவில்லை, நான்கு பேர் தூக்கி வெளியேற்றினார்கள். மயில்வாகனம் முண்டாசில் ஒரு கீறலும் விழவில்லை. கோட்டைத் தொட்ட புள்ளி செல்லும் என்று அறிவித்ததால் எங்கள் அணி வென்றது. ஆக, அவர் எடுத்த புள்ளி நியாயமானது, அதை எடுத்த தலை குற்றவாளி. இது அநியாயமா இல்லையா என்று தாங்களே சொல்ல வேண்டும். அநியாயம்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

7. அன்றிலிருந்து வீட்டு நிலவரம் பின்வருமாறு. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்கிறார். சோறு தங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னொரு அடி பட்டால் தான் பொறுப்பில்லை என்றார். அதற்கு என் கணவர், "லேசா சுத்துது சார், வேற ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். தறியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. கோர்வைச் சேலையில் அவர் எறியும் ஊடை நூல் நாடாக்கட்டையை நான் வாங்கி, கரை நூலோடு கோத்துத் திருப்பி எறிய வேண்டும். திங்கட்கிழமை நான் எறிந்தேன், அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எறியேம்மா, இன்னா பாத்துக்கினு இருக்கற?" என்றார். நாடா அவர் கையிலேயே இருந்தது. நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்தபோதும் அதையே கேட்டார்.

8. எங்கள் அணிச் செயலாளர் குப்புசாமி அண்ணன், இத்தண்டனையை உடனே ரத்து செய்து என் கணவரை ஞாயிறு இறுதி ஆட்டத்தில் முழுமையாக ஆட அனுமதிக்க வேண்டுமென்று தெருவெல்லாம் கையெழுத்து வாங்கித் தங்களிடம் கொடுத்திருப்பார். என்னிடமும் கேட்டார். "நம்ம ஆளுக்கு அநியாயம் நடந்துக்கிதும்மா, நீ போடாம யார் போடுவா?" என்றார். தனி மனுவே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மிகவும் மகிழ்ந்து போனார். இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதப்போகும் திருப்புட்குழி அணி இம்முறை கஞ்சியில் தச்சர் பலகை ஒட்டும் வஜ்ஜிரப் பசை கலக்கிறதாம். இதையும் அவரே உற்சாகமாகச் சொன்னார். நாமும் கலக்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

9. ஐயா, மேலே நான் எழுதியது அனைத்தும் உண்மை. தண்டனை தப்பு. விதி தப்பு. முண்டாசு அதைவிடத் தப்பு. ஆகையால் தங்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, அத்தண்டனையைத் தயவுசெய்து ரத்து செய்ய வேண்டாம் என்பதே.

ரத்து செய்யாததோடு கூட்டவும் வேண்டும். முதல் பாதி மட்டும் உட்காரவைத்தால் இரண்டாம் பாதியில் அவரை இறக்கிவிடுவார்கள். அவரும் இறங்கிவிடுவார், பாதி ஆட்டத்துக்குள் தலை தேறிவிடாது. நான் சொன்னால் கேட்கமாட்டார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. தெருவே தோளில் தூக்கிக்கொண்டு போகக் காத்திருக்கும்போது ஒருத்தி வாசலை மறித்து நின்றால் நிற்குமா? விதி என்று ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி வந்தால் மட்டும் எங்கள் ஊரில் எல்லோரும் திட்டிக்கொண்டே அடங்குவார்கள். ஊரே திட்டட்டும். அவரைக் காப்பாற்ற இப்போது எனக்குத் தெரிந்து இந்த அநியாயம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் தாங்கள் எடுத்துவிடக் கூடாது.

10. எனவே, தனசேகரன் என்பவர் தலையை முன்னால் நீட்டும் கெட்ட வழக்கமுள்ளவர் என்றோ, நடுவரை முறைத்தார் என்றோ, குழுவுக்குத் தோன்றும் எந்தக் காரணத்தையாவது காட்டி, இந்த ஆண்டும் இனி எந்த ஆண்டும் களத்தில் இறங்கக் கூடாது என்று ஆணையிட வேண்டுகிறேன். அவர் ஒருநாளும் யாரையும் முறைத்ததில்லை, ஆனாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன். கூடவே அந்த முண்டாசுத் துணிகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டால், இன்னொரு தறியில் இன்னொருத்தி இப்படி மனு எழுதாமல் இருப்பாள்.

11. இப்படியொரு தண்டனையைக் கேட்டது நான் என்று தெரிந்தால் என் கணவர் என்னோடு பேசமாட்டார். முன்பு ஒருமுறை நான் அவரைக் கேட்காமல் அவருடைய பந்தய மெடலைக் குழந்தை கழுத்தில் போட்டதற்கே மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. ஆகவே என் பெயரை வெளியிடாமலிருக்கக் கோருகிறேன். அப்படியே வெளியானாலும் பாதகமில்லை ஐயா. இன்று என்மேல் கோபித்துக்கொண்டவர் நாளைக் காலையிலும் அந்தக் கோபத்தை மறக்காமல் எழுந்தாரானால், தலை தேறிவருகிறது என்று நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பேன்.

தங்கள் கடுமையான ஆணையை ஞாயிறு காலைக்குள் எதிர்பார்த்து,

பிள்ளையார்பாளையம்,
14-9-1972.

தங்கள் தண்டனையை மட்டுமே நம்பியிருக்கும்,
(ஒப்பம்) அம்சா