டிக்கியில் இருந்த பித்தளைச் சின்னம்

11 மே 2014, ஞாயிறு

பழைய காரை இன்று விற்றுவிட்டோம். அப்பா ஓய்வு பெறுவதால் அடுத்த மாதம் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். பக்கத்து ஊரான வடக்குத்தில் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் கார் நிறுத்த இடமில்லை.

வாங்க வந்த, பழைய கார்களைச் சேகரிக்கும் புதுச்சேரிக்காரர் நேராக டிக்கிப் பக்கம் போனார். காரை முதலில் விற்ற கடையின் பெயர் பொறித்த பித்தளைச் சின்னம் அங்கே இருக்கிறது.

"ஒரிஜினல்தாங்க. எழுத்துதான் தேஞ்சி போயிருக்கு. புதுசா வெட்டிக்கிறேன்" என்றார்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கிய எழுத்துகள் அவை. அம்மா போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"அப்படியே இருக்கட்டுங்களே" என்றார் அப்பா.

"படிக்கவே முடியலீங்களே சார்" என்று அவர் சிரித்தார். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். "அம்மா தேய்ச்சதுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா சாவியக் குடுத்திருக்க மாட்டேம்மா."