மாட்டுப் பொங்கலன்று எடுத்த படம்

கல்லாவி,
மாசி மாதம், 1956.

என் பொம்மிக்கு,

உன் அம்மா பூவம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றுகளும் நல்லபடியாக இருக்கிறோம். உன் சுகத்துக்குப் பதில் போடு என்று அடுத்த வரி எழுதக் கை தானாகப் போனது. நிறுத்திக்கொண்டேன். நீ கல்யாணமாகித் தளிக்குப் போன நாளிலிருந்து மாதம் ஒரு கடிதம் எழுதிப் பழகிய கை. நீ காய்ச்சலில் கண் மூடி இரண்டாவது வருஷம் நடக்கிறது, கைக்கு இன்னும் அது தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. கோணலாக இருந்தால் எப்போதும்போல் சிரித்துக்கொள்.

போன வருஷம் துக்க வீடென்று பொங்கல் வைக்கவில்லை. இந்த வருஷம் வைத்தோம். வீடு நிறைய ஆள். உன் மாமா முனிசாமி வந்தார், அவர் மகன் தீர்த்தகிரி பெங்களூர் மில்லில் லீவு வாங்கிக்கொண்டு வந்தான். உன் பெரிய அத்தை செல்வம்மாள் போகிக்கு முன்னாலேயே வந்து அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டார். தளியிலிருந்து மாப்பிள்ளையும் உன் ருக்குவும் வந்தார்கள். கூட அவளும் வந்தாள். கெம்பம்மா என்று பெயர். வைகாசியில் மாப்பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டார். அவரைக் குறை நினைக்காதே பொம்மி. தவழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு ஆம்பிளை எத்தனை நாள் தள்ளுவார்.

மாப்பிள்ளை முன்கூட்டியே கார்டு போட்டிருந்தார், அவளையும் அழைத்து வரலாமா என்று. நான் குழந்தையோடு வாருங்கள் என்று மட்டும் பதில் எழுதினேன். வா என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது ருக்கு. ருக்கு இந்த வீட்டு வாசலை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அது என் கையில் மட்டும் இல்லையே. உன் அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய், "பூவம்மா, நல்லா ரோசன பண்ணிக்கோ. பொங்க சீர் வெச்சுக் குடுத்தீன்னா அவள மகளா ஏத்துக்கினதா ஆயிடும். குடுக்கலன்னா கொழந்த இனிமே இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது, நல்ல நாளு கெட்ட நாளுக்கு அவ பொறந்த வூட்டுக்குத்தான் போவும்" என்று சொன்னார். ரெண்டும் நெஞ்சில் குத்துகிற மாதிரி சொல்ல உன் அத்தையை விட்டால் ஆள் கிடையாது.

ருக்குவைப் பற்றித்தானே முதலில் கேட்பாய். மூன்று வயசு ஆகப்போகிறது. உன் நெற்றி, உன் பிடிவாதம். கோபம் வந்தால் கீழ் உதட்டை மடித்துக் கடிக்கிறது. பேசுவது முக்கால்வாசி தளிப் பக்கத்துக் கன்னடம். தண்ணீர் வேண்டுமென்றால் "நீரு பேக்கு" என்கிறது. உன் அப்பா பேத்தியோடு பேசுவதற்காக மாப்பிள்ளையிடம் உட்கார்ந்து கன்னடம் படித்தார். சாப்பிட்டாயா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு என்னவோ கேட்டார், அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவருக்கும் என்ன கேட்டோம் என்று தெரியவில்லை, மாப்பிள்ளையும் மரியாதைக்குச் சொல்லவில்லை. அதிலிருந்து தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகிவிட்டார்கள். என்னிடம்தான் வரவில்லை. கூப்பிட்டால் கெம்பம்மா முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

கெம்பம்மா வரும்போது ஒரு மூட்டை அவரைக்காய் கொண்டுவந்திருந்தாள். தளிக் குளிரில் விளைந்தது, வாசனையே வேறு. பெரும் பொங்கலன்று சாயங்காலம் எல்லாரும் ஊறவைத்த அவரைக்கொட்டையைச் சுற்றி உட்கார்ந்து தோல் பிதுக்கினோம். உன் மாமா பிதுக்கியது ஒவ்வொன்றும் குண்டு மாதிரி பறந்து உன் அத்தை மேலேயே விழுந்தது. "டேய் முனிசாமி, சம்பந்தி வூட்டுப் பொம்பளைன்னு ஒரு மரியாத வேணாமா, கண்ணு கிண்ணு போனா நீயா கஞ்சி ஊத்துவ" என்று அவர் கத்த, நீ போன பிறகு நம் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அன்றைக்குத்தான் கேட்டது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உன்னை நினைத்துப் பயந்தேன், அப்புறம் மறுபடியும் சிரித்தேன்.

பிதுக்கம் பருப்புக் குழம்பை அவள்தான் வைத்தாள். உன் அப்பா களியைப் போட்டு மூன்றாம் தடவை குழம்பு கேட்டார். என் கைக் குழம்புக்கு அவர் இரண்டாம் தடவை கேட்டது கிடையாது. உன் அத்தை மட்டும், "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்று சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அவள் குனிந்து பரிமாறும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. தாலிக்குப் பக்கத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன வெள்ளிப் பில்லை. அதில் ஒரு பொம்பளை முகம். இளையாளாக வருகிறவள் மூத்தாள் முகம் அடித்த பில்லையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம், மூத்தாள் மனம் குளிர்ந்து வீட்டைக் காப்பாளாம். பாத்திரம் கழுவும்போது காட்டச் சொல்லிப் பார்த்தேன். கழற்றக் கூடாதென்று கழுத்தில் இருந்தபடியே குனிந்து காட்டினாள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, மூக்குக்கு ஒரு கோடு. தட்டான் உன்னை எங்கே பார்த்தான், எல்லா மூத்தாளுக்கும் இதே முகத்தைத்தான் அடிப்பான் போலிருக்கிறது. உன் மூக்கு இப்படியா இருக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் உன்னுடையது என்று இருக்கிற முகம் அது ஒன்றுதான். உன் கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுக்கவில்லை, அப்போது நம் ஜனத்தில் யாரிடம் அந்தப் பெட்டி இருந்தது.

இப்போது இருக்கிறது. தீர்த்தகிரி சம்பளத்தில் ஒரு போட்டோப் பெட்டி வாங்கியிருக்கிறான். மாட்டுப் பொங்கலன்று எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டான், அவ்வளவுதான், விடிந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் கை ஓடவில்லை. உன் அத்தை மூன்று தடவை சேலை மாற்றினார். உன் மாமா சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன் என்றார். உன் அப்பாவுக்கு நம் செவலைக் காளை நடுவில் நிற்க வேண்டும். எருது விடுகிறதற்காக அதற்குக் கொம்பில் ஜிகினாத் தட்டி கட்டி, கழுத்தில் சலங்கை போட்டு வைத்திருந்தார். "இதுங்கூட நம்ம குடும்பந்தான், இது உழுவாம நீங்கல்லாம் எதத் தின்னீங்க" என்று பெரிய பிரசங்கம்.

தீர்த்தகிரி பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தான். "இவன் என்னாடா நம்மளப் பாக்காம தன் வயித்தப் பாத்துக்கினு படம் புடிக்கிறான்" என்று உன் அப்பா கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காளை ஒரு இடத்தில் நிற்கவில்லை. முகத்தைக் காட்டு என்றால் பின்பக்கத்தைக் காட்டியது. அது திரும்பும் என்று ஒவ்வொரு தடவையும் அமுக்கி, சைக்கிளுக்கு ஒன்று, அத்தையின் புதுச்சேலைக்கு ஒன்று என்று போய், கடைசியில் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்தே, சுருள்ல இன்னும் ஒரே படந்தான் இருக்குது. மாட்டக் கட்டுங்க. குடும்பமா நில்லுங்க" என்றான்.

குடும்பமாக என்று சொன்னதும் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு பக்கம் நின்றார், நானும் உன் அப்பாவும் ஒரு பக்கம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலி. யாரும் சொல்லி விட்டதில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. கெம்பம்மா வைக்கோல் போரண்டை ருக்குவின் பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ருக்குவை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அது ஒரே துள்ளு. "அவ்வா, அவ்வா" என்று அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அவர்கள் பக்கம் அம்மாவை அப்படித்தானே கூப்பிடுவார்கள். அந்த வார்த்தை உனக்கு வரவேண்டியது. என் இடுப்பில் இருந்துகொண்டு அது வேறு ஒருத்தியைப் பார்த்துச் சொன்னது.

கோபித்துக்கொள்ளாமல் கேள். எனக்கு அந்த நேரம் அவள் மேல் கோபம் வரவில்லை. குழந்தை அப்படிக் கையை நீட்டுகிறது என்றால், அவள் ராத்திரி எத்தனை தடவை எழுந்து தூக்கியிருப்பாள் என்றுதான் தோன்றியது. பயந்து அழுகிற பிள்ளை கூப்பிட ஒரு பெயர் அதன் வாயில் இருக்கிறதே என்று இருந்தது.

நான்தான் கூப்பிட்டேன். "ஏம்மா கெம்பம்மா, அங்க என்னா பண்ற, வந்து இப்படி நடுவுல நில்லு" என்றேன். உன் அத்தை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. அவள் அசையவில்லை. "பேடம்மா, வேணாம், நீங்க எல்லாம் நில்லுங்க" என்றாள். நான் மறுபடியும் கூப்பிட்டேன். அப்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வந்தா அக்கா எங்க நிக்கும்" என்று கேட்டாள்.

காளைச் சலங்கை மட்டும் கேட்டது. "நீ வாம்மா. அவ நிக்கிற எடம் எனக்குத் தெரியும்" என்று சொன்னேன்.

வந்தாள். ருக்குவை வாங்கிக்கொண்டாள், அழுகை நின்றது. தீர்த்தகிரி குனிந்து அமுக்கப் போகிற நேரத்தில், இருங்க என்று சொல்லி, ரவிக்கைக்குள்ளிருந்து அந்தப் பில்லையை எடுத்து வெளியே சேலை மேல் போட்டுக்கொண்டாள். "அத வெளிய காட்டுவாங்களாடீ, உள்ள தள்ளு" என்று உன் அத்தை அதட்டினார். "இல்ல, அக்காவும் இருக்கட்டும்" என்றாள். நான் இருக்கட்டும் என்றேன். தீர்த்தகிரி அமுக்கிவிட்டான்.

மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, ஊத்தங்கரையில் எனக்கென்று எடுத்திருந்த பச்சைக் கரைச் சேலையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். உன் சேலைகளைத் தொடவில்லை பொம்மி, அதெல்லாம் ருக்குவுக்கு. உன் அத்தை உள்ளே போய் ஒரு முழு மஞ்சள் கொத்தும் வெல்லமும் கொண்டுவந்து தட்டில் போட்டு, "மகளுன்னு ஆனப்புறம் இப்படியாடீ கஞ்சத்தனமா அனுப்புவ" என்று என்னையே ஏசினார். பஸ் ஏறும்போது கெம்பம்மா என்னை அவ்வா என்று கூப்பிட்டாள். யுகாதிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றாள். ருக்கு தாத்தாவுக்கு மட்டும் கையை ஆட்டியது. எனக்கு யுகாதிக்கு ஆட்டும்.

படம் போன வாரம் பெங்களூரிலிருந்து தபாலில் வந்தது. முன்னால் எடுத்ததில் காளையின் பின்பக்கம்தான் தெரிகிறது, உன் அப்பாவின் தலைப்பாகை அதற்கு மேலே மிதக்கிறது. அதையும் அவர் ஊரெல்லாம் காட்டிவிட்டார். கடைசிப் படம் நன்றாக வந்திருக்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள். ருக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கிறது. ஆனால் கெம்பம்மா கழுத்தில் அந்தப் பில்லை இருந்த இடத்தில் முகம் தெரியவில்லை. வெயில் பட்டு வெள்ளையாக ஒரு பொட்டு மாதிரி ஆகிவிட்டது, மன்னிச்சுக்கோ அத்தே என்று தீர்த்தகிரி எழுதியிருக்கிறான். எனக்குக் குறையில்லை. தட்டான் அடித்த அந்த மூக்கோடு நீ இருப்பதைவிட இது எவ்வளவோ தேவலை. தினம் விளக்கேற்றும்போது முதலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மற்றவர்களைப் பார்க்கிறேன்.

உன் பிள்ளை நோய் நொடியில்லாமல் வளர வேண்டும். அவளைத் தூக்கி வளர்க்கிறவளும் நன்றாக இருக்க வேண்டும். நீ இருக்கிற இடத்திலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பூவம்மாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனாலும் ஒன்று மனதில் நிற்கிறது. அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால், அவள் நிற்கிற இடம் எனக்குத் தெரியும் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வரவேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னதுதான், எனக்கு ஒன்றும் தெரியாது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். எங்கள் எல்லாருக்கும் நடுவில் அன்றைக்கு நீ எங்கே நின்றாய், பொம்மி?