எந்தத் தொப்பி நல்லாருக்குது?

அன்பு மகளுக்கு,

"நீலத் தொப்பி போரடிச்சுப் போச்சு. இதுல எது நல்லாருக்குது நைனா?" என்று வீடியோவில் கேட்டாய். கம்பளி, ஓலை, துணி என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாய். நீலத் தொப்பிக்குப் பின்னால் உன் சடை தொங்கும். இவை எதிலும் காதோரம் ஒரு முடிகூடத் தெரியவில்லை.

திருமலைக்குப் போய்வந்தாளே, அங்கே மொட்டை போட்டாளா என்று உன் அம்மாவைக் கேட்டேன்.

"வாத்தியார் புத்தி போகுதா பாரு! பொண்ணு ஆசைக்கு மாத்திக்கினு இருக்குது" என்று சிரித்தாள்.

சர்க்கரை என்று என்னை மிரட்டியவள் இப்போது தினமும் பாயசம் வைத்து, "நல்லா துன்னுங்க" என்கிறாள். டாக்டர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உங்கள் இருவரிடமும் பேசிய பிறகுதான் இதெல்லாம். அந்த வேண்டுதல் எனக்காகத்தானே?

அம்மா காய்கறி வாங்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தொப்பி இல்லாமல் என்னைக் கூப்பிடு.

உன் நைனா