சபேசன் மாறிலி

நாள் 118, 09:10
நிலவின் மறுபக்கம், வெயிலே படாத பள்ளம். வானொலித் தொலைநோக்கி நிலையம். பதிவு: பூங்கோதை, ஒப்பந்தத் தொழில்நுட்பர். ஆள் ஒருத்தி. அறை வெப்பநிலை 22.

வழக்கம்போல் முதலில் ஒப்பீட்டு மூலத்தை அளந்தேன். இளம் பெருவிண்மீன் ஒன்று, அதைச் சுற்றிக் கொதிக்கும் அயனி வாயு. அந்த வாயுவின் வானொலி ஒளிர்வு மாறவே மாறாது என்று இயக்குநர் சபேசன் முப்பது வருடத்துக்கு முன் எழுதினார். அதற்குச் சபேசன் மாறிலி என்று பெயரும் வைத்தாயிற்று. எங்கள் கருவிகளின் நலத்தை அதை வைத்துத்தான் சோதிக்கிறோம்.

இன்று ஒரு சதவீதம் குறைவு.

நாள் 131, 11:40
ஒன்பது சதவீதம் குறைவு. அலைவாங்கிகளை மூன்று முறை சோதித்தேன். பழுதில்லை. மற்ற மூலங்கள் எல்லாம் பழைய அளவில். மாறுவது வாயுதான். புதிதாக உள்ளே விழும் வாயு விண்மீனின் புற ஊதாக் கதிரை மறைக்கிறது. வெளியே இருக்கும் அயனிகள் மறுபடி அணுக்களாகின்றன. ஒளிர்வு சுருங்குகிறது. வாயு விழுவது நின்றால் தானாகவே பழைய அளவுக்கு ஏறும். முதலாண்டு மாணவருக்கே புரியும்.

நிலைய மென்பொருளுக்குப் புரியாது. மாறிலி குறைந்தால் அலைவாங்கி சூடாகிவிட்டது என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். என் அறைச் சூடேற்றியின் மின்சாரத்தைப் பிடுங்கி அலைவாங்கிகளைக் குளிர்விக்கிறது. அறை 17.

தரை நிலையத்திலிருந்து ஜெபராஜ்: “ஏ கோதை, சார்ட்ட சொல்லிட்டேன். ‘நட்சத்திரமெல்லாம் மாறாது, அந்தப் பொண்ண ரிசீவரத் தொடைக்கச் சொல்லு’ன்னுட்டாரு. தொடச்சிட்டதா எழுதிரு, என்ன?”

துடைக்கவில்லை. எழுதவும் மாட்டேன்.

நாள் 140, 10:05
இருபத்திரண்டு சதவீதம். அறை 9. ஒப்பீட்டு எண்ணைத் திருத்த ஒரு வரி போதும். கடவுச்சொல் இயக்குநரிடம். ஒப்பந்தக்காரி கை பட்டால் அறிவியலுக்குத் தீட்டு போலிருக்கிறது. குளிர்விப்பான் கேபிளை வெட்டலாம். அதே கேபிளில்தான் என் காற்றுப் பம்பும் ஓடுகிறது. இதை வரைந்த மகராசன் இங்கே ஒரு மணி நேரம் இருந்திருப்பானா?

ஜெபராஜ்: “அடுத்த சனிக்கெழம சாருக்கு மணிவிழா. மாறிலியப் பத்தியே முந்நூறு பக்கத்துக்கு மலர் அச்சடிச்சாச்சு. இப்பப் போயி மாறுதுன்னு எவன் சொல்லுவான்? ஒம்போது டிகிரின்னேன். ‘கொடைக்கானல்ல இருக்கவன்லாம் செத்தா போயிட்டான்?’ங்காரு. விழா முடியட்டும் கோதை. குதிச்சிக்கிட்டே இரு, சூடேறும்.”

“நீ வந்து குதிடா” என்று பதில் அனுப்பினேன்.

நாள் 148, 14:30
நாற்பத்தொரு சதவீதம். அறை, பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. விண்வெளி உடுப்புக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அதன் மின்கலமும் அறை மின்சாரத்தில்தான் ஏற வேண்டும். ஏறவில்லை. தண்ணீர் உறைந்துவிட்டது.

விழாக் குழுவின் செய்தி: “இயக்குநர் அவர்களின் மணிவிழாவுக்கு நிலவிலிருந்து ஒரு வாழ்த்துக் காணொலி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். பட்டுப்புடவை உடுத்தியிருந்தால் நலம்.”

வாழ்த்துக்குப் பதிலாக முப்பத்தொரு நாள் அளவுகளை அனுப்பினேன். ஒரு புள்ளி திருத்தவில்லை. மேடையில் வாசிக்கட்டும்.

நாள் 150, 11:15
கீழே இருபத்து மூன்று. கையுறைக்குள் விரல் இருக்கிறதா தெரியவில்லை. எழுத்து பிசகுகிறது.

ஜெபராஜ்: “கோதை, மலர் வெளியிட்டாச்சு. பொன்னாட வரிச இன்னும் முடியல. நான் மேடையேறி மைக்கப் புடுங்கிச் சொல்லிட்டேன் ட்டி. வெளிய தூக்கிப் போட்டுட்டானுவ. முழிச்சிரு. தூங்கிராத. கேக்குதா? கோதை?”

கேட்டது. பதில் போகவில்லை. அனுப்பும் கருவி உறைந்

படிப்பவருக்கு. அலைவாங்கி நன்றாக இருக்கிறது. மாறுவது விண்மீனின் வாயு. நான் துடைக்க

நாள் 154, 08:00 (தானியங்கிப் பதிவு)
மாறிலி ஒளிர்வு: மீண்டும் பழைய அளவு. அலைவாங்கிப் பழுது: சரிசெய்யப்பட்டது. மின்சாரம் அறைக்குத் திருப்பப்பட்டது. அறை வெப்பநிலை 22. காற்றுப் பயன்பாடு: இல்லை. காற்று இருப்பு: தேவைக்கு அதிகம்.

தரை நிலையச் செய்தி ஒன்று, இயக்குநரிடமிருந்து. இன்னும் திறக்கப்படவில்லை: “பாத்தியாம்மா? தொடச்சதும் சரியாயிடுச்சு.”